டப்பாவில் இல்லாத சொல்

மருந்துக்கடை வாசலில் மாலை வெயில். சித்தப்பா பெருமையாக நீட்டும் மாத்திரை டப்பாவின் மேல் அவளுடைய வரைபடம் இருக்கிறது. வெங்காயத் தோலின் சாறு ரத்தச் சர்க்கரையைக் குறைப்பதாகக் காட்டும் அந்த வளைகோட்டை, தான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் அவள்தான் வரைந்தாள். அடியில் எழுதிய 'எலிகளில்' என்ற சொல்லை மட்டும் யாரோ வெட்டிவிட்டார்கள். "டாக்டர் குடுத்த மாத்திரைய நிறுத்தி இருபது நாளாச்சும்மா. செடிகொடி சமாச்சாரம், என்ன செஞ்சிடப் போகுது?" என்கிறார் சித்தப்பா. அவர் கால் கட்டைவிரலில் ஆறாத புண்ணின் மேல் ஈ உட்கார்ந்து எழுகிறது. "எலின்னு போட்டிருந்தேனே," என்று அவள் முணுமுணுக்கிறாள். "எலின்னு போட்டா எவன் வாங்குவான் பாப்பா?" கடைக்காரர் சிரிக்கிறார். நாலு பேர் நடுவில் குரல் உயர்த்திப் பழகாத அவளுக்குக் காது மடல் வரை சுடுகிறது. "எட்டு வாரம் இந்தச் சாறக் குடுத்துட்டு, அத்தன எலியையும் கொன்னு அறுத்துத்தான் பார்த்தோம்," என்கிறாள், தெருவுக்கே கேட்கும்படி. "ஒன்பதாவது வாரம் என்ன ஆகும்னு எனக்கே தெரியாது, சித்தப்பா."