இருபத்து மூன்றாம் கிண்ணம்

ஸ்டூலை ஓரமாகத் தள்ளிவிட்டு, நின்றபடியே நுண்ணோக்கியில் குனிந்தாள் அவள்.

"ஸ்டூல்ல என்ன முள்ளா இருக்கு? நாலு நாளா நின்னுக்கிட்டே பாக்கறே," என்றார் எதிர் மேஜைக்காரர். அவரும் அவளைப் போலவே செல்களை எண்ணுகிறவர். நிமிடத்துக்கு ஒரு கொட்டாவி விடுவதால் ஆய்வகத்தில் அவர் பெயரே கொட்டாவி.

அவள் கண்ணெல்லாம் இருபத்து மூன்றாம் கிண்ணத்தில் இருந்தது.

இங்கே கிண்ணத்துக்கு எண்தான் உண்டு, பெயர் கிடையாது. அதில் வளர்வது யாருடைய எலும்பு மஜ்ஜை என்று தெரிந்தவர் எண்ணினால் அந்த எண்ணிக்கை செல்லாது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா?

இருபத்து மூன்றுக்குச் சொந்தமான உடம்பில் சிவப்பணு முற்றுவதே இல்லை. செல்லுக்குள் ஒரு நொதி, 'பெருகு, பெருகு' என்று ஓயாமல் சேதி சொல்லிக்கொண்டிருக்கிறது. போதும் என்று சொல்ல அதற்குத் தெரியாது.

அதனால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை யார் யாருடைய ரத்தத்தையோ ஏற்றிக்கொண்டுதான் அந்த உயிர் ஓடுகிறது.

அந்த நொதியை அடக்கும் மருந்தைக் கிண்ணத்தில் விட்டு நான்கு நாளாகிறது. இன்றைக்குள் ஒரு செல்லாவது உட்கருவை உதறி முற்றினால் அதே மருந்து நாளையிலிருந்து அந்த உயிருக்கு மாத்திரையாகக் கிடைக்கும். முற்றாவிட்டால் இத்தோடு சரி.

அவள் கையிலிருந்த எண்ணும் கருவியை இதுவரை ஒருமுறைகூட அழுத்தவில்லை.

அப்போது ஒரு செல் மெல்ல நடுங்கியது.

அதன் உட்கரு நடுவிலிருந்து விளிம்புக்கு நகர்ந்தது. விளிம்பு புடைத்தது.

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. எத்தனையோ தடவை புத்தகத்தில் படித்ததுதான். ஆனாலும், தன்னைப் பற்றிய அத்தனையும் எழுதி வைத்திருக்கும் உட்கருவை, காற்றைச் சுமக்க இடம் வேண்டுமென்று ஒரு செல் தானே வெளியே தள்ளுகிறதே! கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு எவ்வளவு பெரிய மனசு.

இன்னும் ஒரு நிமிடம். முழுதாகப் பார்த்துவிடலாம்.

அவள் கண்ணை நுண்ணோக்கியிலிருந்து பிடுங்கிக்கொண்டு விலகினாள்.

"அண்ணே, ஓடி வாங்க. நீங்கதான் பாக்கணும்."

அவர் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்து குனிந்தார். கொட்டாவிக்காகத் திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

ஒரு முழு நிமிடம் கழித்து அவருடைய எண்ணும் கருவி 'டிக்' என்றது.

"உதறிடுச்சும்மா! உள்ள ஒண்ணுமே இல்ல, வட்டமா ஜம்முனு நிக்குது." அவர் அவள் பக்கம் திரும்பினார். "இதைப் போய் எனக்கு விட்டுக்குடுத்துட்டியே, ஏன்?"

கிண்ணத்தில் செவ்வாய்க்கிழமை தேதி இருந்தது. அன்று மஜ்ஜை எடுக்க இடுப்பெலும்பில் ஊசி குத்திக்கொண்டவர் ஒரே ஒருவர்தான்.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு, இன்னும் வலித்த இடுப்பைக் கையால் தாங்கியபடி, நான்கு நாளில் முதல் முறையாக உட்கார்ந்தாள்.