செருப்புப் பூவின் காவலர்

"நில்லுங்க! அந்தக் கயித்தைத் தாண்டி ஓர் அடி வச்சீங்க, அப்புறம் நடக்கிறதுக்கு நான் பொறுப்பில்லை!"

கத்தியவர் ஹெர்பர்ட் மெட்காஃப். யார்க்‌ஷயரின் சுண்ணாம்புக் குன்று ஒன்றின் உச்சியில், பச்சைக் கூடாரத்துக்கு முன்னால், கழுத்தில் தொலைநோக்கியும் மார்பில் 'தலைமைக் காவலர்' என்ற பட்டையுமாக நின்றார். பட்டையைத் தாவரச் சங்கம் கொடுக்கவில்லை. அவரே தைத்துக்கொண்டார். அவருக்குக் கீழே வேறு காவலர் யாரும் கிடையாது.

சாம்பல் நிறப் பாறைத் தளத்தில் வெடிப்புக்கு வெடிப்பு எட்டிக் கால்வைத்து வந்த சிவப்பு மழைக்கோட்டு அம்மாள் அப்படியே ஒற்றைக் காலில் நின்றார்.

"இந்தக் காலையாவது கீழ வச்சுக்கலாமா கண்ணு?"

"வைங்க. ஆனா அங்கேயே."

"நான் டோரீன். காலையிலேர்ந்து ஏறிட்டிருக்கேன். அடடா, என்ன மலை! மேல பாத்தா மொட்டைப் பாறை. வெடிப்புக்குள்ள எட்டிப் பாத்தா ஒரு காடே இருக்கு! ஆட்டு வாய்க்குத் தப்பினதெல்லாம் உள்ள ஒளிஞ்சு வளருது. ஒரு பாறைமேல கால வச்சேன், கோயில் மணி மாதிரி டொங்குனு அடிச்சுது!" அவர் குரலைத் தாழ்த்தினார். "பூ எங்க?"

ஹெர்பர்ட் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டார். "எந்தப் பூ? நான் சும்மா காத்து வாங்கறேன்."

"பட்டையில காவலர்னு இருக்கே?"

"காத்துக்குத்தான் காவல்."

"நேத்து ராத்திரி பப்புல ஒருத்தர் சொல்லிட்டிருந்தாரே! கூட்டத்துல முதுகுதான் தெரிஞ்சுது. 'சீமாட்டிச் செருப்புப் பூ எங்க இருக்குன்னு உயிரே போனாலும் சொல்லமாட்டேன். மூணு ரோவன் மரம் சேந்து நிக்கும், பச்சைக் கூடாரத்துக்குப் பின்னாடி, நாளைக்கு விரியுது, இதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க'ன்னாரு."

ஹெர்பர்ட்டின் காதுமடல்கள் சிவந்தன. "பாத்தீங்களா? கடைசி வரைக்கும் அவர் வாயைத் திறக்கவே இல்ல. அதான் கண்ணியம்."

இந்த மலையில் ஒரு காலத்தில் அந்தப் பூ கொள்ளையாகப் பூத்ததாம். ஆசைப்பட்டவன் எல்லாம் மண்வெட்டியோடு வந்து தோண்டிப் போனது போக, மிஞ்சியது ஒரே ஒரு செடியாம். அதைக் காக்கும் பொறுப்பைச் சங்கம் ஹெர்பர்ட்டிடம் கொடுத்து இது ஆறாவது வசந்தம். காலடி பட்டாலே வேர் நோகும், ஆகவே காவலரும் கயிற்றைத் தாண்டக் கூடாது என்பது உத்தரவு. தாண்டியதில்லை அந்த மனிதர். மழையிலும் பனியிலும் காத்த பூவை இன்றுவரை கண்ணால் பார்த்ததும் இல்லை. மொட்டு இன்று அவிழும் என்று சங்கத்திலிருந்து தகவல் வந்ததிலிருந்து அவருக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

"நீங்க பாத்திருக்கீங்கதானே?" என்றார் டோரீன் ஏக்கமாக.

"பாக்காம?" ஹெர்பர்ட் கண்ணை மூடி, கையை வானத்துக்கு விரித்தார். "தங்கத்துல வார்த்த செருப்பு! அதைச் சுத்திக் கருஞ்சிவப்புல நாலு நாடா! முதல் தடவை பாத்தப்ப அது என்னைப் பாத்துத் தலையாட்டுச்சு. நானும் தொப்பியை எடுத்து வணக்கம்..."

கண்ணைத் திறந்தார். எதிரே ஆள் இல்லை. கயிறு ஆடிக்கொண்டிருந்தது.

"ஏய்! வாங்க வெளிய!"

சிவப்புக் கோட்டு ரோவன் மரங்களை நோக்கிப் பறந்தது. ஹெர்பர்ட் ஒரு கணம் தயங்கி, ஆறு வருட விசுவாசத்தையும் கயிற்றையும் ஒரே தாவலில் தாண்டினார். வெடிப்புகளைத் துள்ளித் துள்ளிக் கடந்தார். எங்கோ ஒரு வானம்பாடி வீச்சென்று கத்தி எழுந்தது. ஒரு செம்மறியாடு மெல்லுவதை நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் வேடிக்கை பார்த்தது.

மூன்று மரங்களுக்கு நடுவே டோரீன் மண்டியிட்டிருந்தார். ஹெர்பர்ட்டும் மூச்சிரைக்கக் குனிந்தார். கடைசியில், கடைசியில் அதைப் பார்க்கப்போகிறார்! 

வெடிப்புக்குள் நாலு நீண்ட இலைகள். கொஞ்சம் ஆட்டு ரோமம்.

"செருப்பு எங்க கண்ணு?"

 ஹெர்பர்ட் வாக்கி-டாக்கியை உருவினார். "கழுகு பேசுது! கழுகு பேசுது! கூட்டுக்குக் கேக்குதா?"

"சொல்லுங்க ஹெர்பர்ட்." சங்கச் செயலாளர் மேவிஸின் குரல், வாயில் பிஸ்கட்டோடு.

"போச்சு மேவிஸ்! திருடிட்டாங்க! என் கண்ணெதிர்லேயே... நான் போலீசுக்குச் சொல்றேன், பத்திரிகைக்குச் சொல்றேன், ராஜினாமா பண்றேன்..."

"ஐயோ, யாருக்கும் எதையும் சொல்லித் தொலைக்காதீங்க! பூ பத்திரமா இருக்கு. காலையிலதான் விரிஞ்சுது. நான் பக்கத்துலதான் உக்காந்து டீ குடிக்கிறேன்."

"பக்கத்துலயா? இங்க உங்களைக் காணோமே?"

"அங்க எப்படி இருப்பேன்? இது வேற குன்று. கயிறும் கிடையாது, காவலும் கிடையாது, ஒரு ஈ காக்கா வர்றதில்லை. மாவட்டத்துல இருக்கிற அத்தனை பூத்திருடனும் அங்க உங்க கயித்தைத் தேடித்தானே வர்றான்?"

"அப்ப... என்னை எதுக்குத் தேர்ந்தெடுத்தீங்க?"

 மேவிஸ் பிஸ்கட்டை விழுங்கிவிட்டுச் சொன்னார்:

"அன்னைக்குக் கமிட்டியில 'ஒரு ரகசியம்கூட வயித்துல தங்காத ஆள் யாரு'ன்னு கேட்டோம். எல்லாரும் ஒரே பேரைத்தான் சொன்னாங்க, ஹெர்பர்ட்."