ஒரு விரல் மரியாதை

விம்மெரா வட்டாரத்தின் கோதுமைக் காட்டுச் சாலையில், எதிரே வருபவருக்கு ஸ்டீயரிங்கை விடாமல் ஒரு விரலைத் தூக்குவது மரியாதை. வார்விக்குக்கு எண்பத்து நாலு வயது. சாலைச் சந்திப்பு வந்தால் கார் ரேடியோவை அணைத்துவிட்டு, “பேசாத, ரோட்டைப் பாக்கணும்” என்பார். இனி அவர் ஓட்டக் கூடாது, இன்று கார் சாவியை வாங்கிவிடுவது என்ற முடிவோடுதான் மகள் லினெட் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

வெறும் சாலையைப் பார்த்து அவர் விரலைத் தூக்கினார்.

“யாருக்குப்பா?”

“கோதுமை லாரிக்கு.”

லாரி எதுவும் இல்லை. வளைவு திரும்பிய பின்தான் அது எதிரே வந்தது. ஓட்டியவர் பதிலுக்கு விரலைத் தூக்கினார். அடுத்து ஒரு சிவப்புக் காரும் அப்படியே. லினெட்டுக்குச் சாவி மறந்துபோயிற்று. அடுத்த விரலுக்காகக் காத்திருந்தாள்.

வார்விக் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, தொப்பியைக் கழற்றினார். சவ வண்டி கடந்தால் அங்கே எல்லோரும் செய்வது அது. சாலையில் ஈ காக்கை இல்லை.

“யாருப்பா போறது?”

“பெட்டி மூடியிருக்கு, எனக்கெப்படித் தெரியும்?”

பிறகு மெல்ல ஒரு விரலைத் தூக்கினார். சாவியை உருவி அவள் மடியில் வைத்தார்.

“சவ வண்டிக்குப் பின்னாடி முதல் கார்ல நீதான் வர்ற. அழுதுக்கிட்டே ஓட்டாதடி, ரோடு தெரியாது.”