வெள்ளிக்கிழமை புயலாம்

“வெள்ளிக்கிழமை புயலாம் அண்ணை. பொன்னுருக்கைத் தள்ளி வைப்பமே?”

டெலிபோனில் மாப்பிள்ளையின் தகப்பன் குலசேகரம் இப்படிக் கேட்டதும் சிவபாதத்துக்குக் காது சுட்டது. யன்னலுக்கு வெளியே சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகளில் வெயில் கண்ணைக் கூசும்படி அடித்துக்கொண்டிருந்தது.

“யோசிச்சுச் சொல்லுறன்” என்று ரிசீவரை வைத்துவிட்டு மனைவி பாலேஸ்வரியிடம் திரும்பினார். “உவையள் நழுவப் பாக்கினம்.”

“புயலெண்டால் தள்ளி வைக்கிறதுதானே?”

“உந்த வெயிலுக்கை எங்கையப்பா புயல்? தை போனால் பிறகு எப்ப நாள்? தள்ளி வைக்கிறதெண்டால் கை கழுவுறது.”

அவருடைய பயத்திலும் ஞாயம் இல்லாமலில்லை. மகள் கஜனிக்கு முன்பு பேசிய சம்பந்தம் கடைசி நேரத்தில் குழம்பி, அந்தக் கதை ஸ்காபரோத் தமிழ்ச் சனத்துக்குள் ஒரு வருடம் ஓடியது. இதுவும் குழம்பினால் இனி ஒருவரும் பெண் கேட்டு வரமாட்டார்கள் என்று அவர் நடுங்கினார்.

மாப்பிள்ளை வீட்டில் தாலிக்குப் பொன்னை உருக்கிவிட்டால் போதும். அதற்குப் பிறகு செத்தவீடு வந்தாலும் கலியாணம் நிற்காது, எங்கள் சனத்தின் முறை அப்படி. சிவபாதம் வெள்ளிக்கிழமையைப் பிடித்துத் தொங்கியதற்குக் காரணம் அதுதான்.

ஆறு மணிச் செய்தியில் வானிலை வந்தது. அவருக்கு அந்த வேக இங்கிலிஷ் பிடிபடாது. கஜனிதான் சொன்னாள்.

“வடக்காலை பெரிய குளிரொண்டு இறங்குதாம். வெள்ளி விடிய தெற்கு ஒன்ராறியோ முழுக்க மைனஸ் இருபத்தைஞ்சு, காத்தோடை நாப்பது மாதிரி இருக்குமாம். பனியும் கொட்டுமாம். தேவையில்லாமல் வெளிக்கிட வேண்டாமாம் அப்பா.”

படத்தில் நீலக் கோடொன்று பல்லைக் காட்டிக்கொண்டு கீழே வந்தது. அதற்குப் பக்கத்தில் கோட் போட்டு நின்ற வானிலைக்காரன் நல்ல சந்தோசமாக இருந்தான்.

“புயல் வருகுதெண்டதை ஆரும் உப்பிடிச் சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுவினமே? உவனையும் நம்பேலாது” என்றார் சிவபாதம்.

புதன்கிழமை குலசேகரம் திரும்பவும் எடுத்தார். “அண்ணை, உங்கடை காரிலை மொட்டை ரயராமே. உதோடை மல்வேர்னிலை எங்கடை வீடு வரைக்கும் வரப் போறியளே? மகனும் சரியாப் பயப்பிடுறான்.”

சிவபாதத்தின் சந்தேகம் இப்போது நன்றாகக் கிளைவிட்டது. கார் நிற்பது கட்டடத்துக்குக் கீழே, நிலத்துக்கடியில். குலசேகரம் குடும்பம் அந்தக் காரைக் கண்ணாலும் கண்டதில்லை.

“என்ரை ரயர் மொட்டையெண்டு அவைக்கு எப்பிடித் தெரியும்? ஆளை விட்டு விசாரிக்கினம். வேறை இடத்திலை பொம்பிளை பாத்திட்டினம், இஞ்சை குறை தேடுகினம்.”

“ஏனப்பா எல்லாத்திலையும் உங்களுக்குச் சந்தேகம்?” என்றாள் பாலேஸ்வரி. அவர் டெலிபோனை எடுத்தார்.

“குலசேகரம், நாள் வைச்சது வைச்சதுதான். கார் ஓடாட்டில் பஸ்ஸிலை வருவன், பஸ் ஓடாட்டில் நடந்து வருவன்.”

மறுமுனை யாரோடோ குசுகுசுத்தது. பிறகு “சரி அண்ணை” என்றது. அந்தக் குசுகுசுப்பையும் அவர் கணக்கில் எடுத்துக்கொண்டார்.

வெள்ளி விடிய, சொன்னபடியே வந்து சேர்ந்தது புயல். கூட வருகிறோம் என்ற சொந்தக்காரர் எல்லோரும் ஒவ்வொருவராக எடுத்துச் சாட்டுச் சொன்னார்கள். கடைசியில் சிவபாதமும் பாலேஸ்வரியும் பலகாரப் பெட்டியும்தான் மிச்சம்.

கதவடியில் கஜனி அவருடைய கோட்டுக் கையைப் பிடித்தாள். கண் சிவந்திருந்தது. “போக வேண்டாம் அப்பா.”

“நான் வழுக்கி விழமாட்டன், நீ பயப்பிடாதை” என்று அவள் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

காரை எடுக்கவில்லை. சப்வே ரயில் ஓடியது. பஸ் மல்வேர்னுக்குள் ஏறமுடியாமல் பாதியில் நின்றுவிட்டது. மிச்சத் தூரத்தை முழங்கால் பனிக்குள் நடந்து, நல்ல நேரம் முடிய இருபது நிமிடம் இருக்கும்போது குலசேகரத்தின் கதவைத் தட்டினார்கள்.

“உண்மையா வந்திட்டியள்” என்றார் குலசேகரம்.

“ஏன், வரமாட்டமெண்டு நினைச்சியளோ?”

சிவபாதம் செருமிக்கொண்டு உள்ளே நோட்டம் விட்டார். குறை ஒன்றும் அகப்படவில்லை. மாப்பிள்ளையின் தாய் துவாயோடும் தேத்தண்ணியோடும் ஓடிவந்தாள், பொன்னுருக்கும் பத்தர் அடுப்போடு தயாராக இருந்தார். மாப்பிள்ளை ஜெயரூபன் மட்டும் இவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பொன் சிவந்து, இளகி, உருகியது. தட்டில் வைத்து எல்லோருக்கும் காட்டினார்கள். குலசேகரம் கட்டிப்பிடித்து, “இனி ஆர் நினைச்சாலும் நிப்பாட்டேலாது அண்ணை” என்றார். இந்த நல்ல மனிதரையா சந்தேகப்பட்டேன் என்று சிவபாதத்துக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோசம் பெரிதாக இருந்தது.

புறப்படும்போது வாசலில் குந்தி, ஈரச் சப்பாத்துக்குள் காலை நுழைக்க முடியாமல் சிரமப்பட்டார். ஜெயரூபன் வந்து முன்னால் முழங்காலில் இருந்து உதவினான். அவன் முகத்தில் நம்பமுடியாத ஒரு மகிழ்ச்சி.

பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மெல்லிய குரலில் கேட்டான்.

“புயலைச் சாட்டி இதை நிப்பாட்டித் தாங்கோவெண்டு என்னட்டை அழுத கஜனி, இப்ப மனம் மாறிட்டாவோ மாமா?”