டர்போ என்றே வைத்துக்கொள்வோம்

"டர்போதான்" என்று மூன்றாவது முறையாகச் சொன்னான் கணவன்.

மெக்கானிக் காற்றுக் குழாயைக் கழற்றிவிட்டு, இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் வாய்க்குள் இரண்டு விரலை விட்டு, உள்ளே இருந்த சின்னச் சக்கரத்தை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விழப்போகிற பல்லை அசைத்துப் பார்க்கிற மாதிரி.

ஆடட்டும் என்று வேண்டிக்கொண்டாள் அவள்.

ஷெட்டின் ஓரத்தில் ஒரு பழைய டயர் மேல் அட்டை போட்டு அவளை உட்காரவைத்திருந்தார்கள். பதினாறு வருஷத்தில் இந்த ஸ்போர்ட்ஸ் காருக்காக அவளை அவன் எங்கேயும் கூட்டிவந்ததில்லை. இன்று காலை, சட்டைப் பொத்தானைப் போட்டபடி, "நீயும் வாயேன்" என்றான். ஏன் என்று கேட்காமலேயே கிளம்பிவந்தாள்.

மெக்கானிக்குக்கு மோப்பம் என்று பட்டப்பெயர். எத்தனை கருவி வைத்துப் பார்த்தாலும், கடைசியில் முகர்ந்து பார்க்காமல் முடிவு சொல்லமாட்டாராம். வரும் வழியில் கணவன் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னபோதே அவளுக்கு அந்த மனிதரைப் பிடிக்காமல் போய்விட்டது.

"சக்கரம் கல்லு மாதிரி நிக்குது சார். குழாய்ல ஒரு சொட்டு ஆயில் இல்ல. பாவம், அது மேல ஏன் பழி போடுறீங்க?"

"காலைல ஸ்டார்ட் பண்ணா புகை. மிதிச்சா இழுவை இல்ல. வேற என்னவாம்?"

"ஆயில் புகைன்னா நீலமா வரும். இது வெள்ளை, தண்ணிப் புகை." மோப்பம் அவள் பக்கம் திரும்பினார். "என்னக்கா, நீங்களும் பாத்திருப்பீங்கல்ல. வெள்ளைதானே?"

இவர் ஏன் என்னைக் கேட்கிறார்?

"நான் கவனிக்கல" என்றாள். கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டோமோ என்று உடனே தோன்றியது.

கவனித்திருந்தாள். கணவன் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்த பதினோரு நாளில், ஒரே ஒரு நாள், அவள் இந்தக் காரை எடுத்தாள். ஆணியில் சாவி தொங்கியது, எடுத்தேன், அவ்வளவுதான் என்று இத்தனை நாளும் தனக்கே சொல்லிவந்தாள். வழியில் வெப்பமுள் ஏறியது. பாதியைத் தாண்டியது. சிவப்புக் கோட்டைத் தொட்டது.

அவள் நிறுத்தவில்லை.

இந்த இன்ஜினில் பிஸ்டன் கிடையாது, முக்கோணமாக இரண்டு ரோட்டர்கள் சுழலும், மற்ற வண்டி மாதிரி இதைக் கொதிக்கவிட முடியாது, ஒரு தடவை கொதித்தாலே தண்ணீரைத் தடுக்கிற சீல் போய்விடும். வீட்டுக்கு யார் வந்தாலும் அவன் சொல்லுகிற பாடம் இது. தேநீர் ஆற்றிக்கொடுத்தபடியே அவள் மனப்பாடம் செய்திருந்தாள்.

டர்போ போனால், வண்டிக்கு வயதாகிவிட்டது என்று அர்த்தம். சீல் போனால், யாரோ ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்கே போனாய் என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும்.

மோப்பம் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, அந்த இடத்தில் ஒரு கைப்பம்பைப் பொருத்திக் காற்றடித்தார். பம்பின் மீட்டரை மூன்று பேரும் பார்த்தார்கள். ஏறிய முள் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, யாருக்கும் தெரியாமல் நழுவுகிறவர்களைப் போல, இறங்கத் தொடங்கியது.

காருக்கு அடியில் தரை காய்ந்து கிடந்தது.

"வெளிய ஒழுகல. உள்ளதான் போகுது." இன்ஜினிலிருந்து ஸ்பார்க் பிளக் ஒன்றைக் கழற்றினார். நுனியில் ஈரம். மூக்கருகே கொண்டுபோனார். ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கிற கூலன்ட்டின் தித்திப்பு வாசனை அவள் இருந்த இடம்வரை வந்தது. அல்லது வந்ததாக அவள் நினைத்தாள்.

"சார், வண்டி எப்பவாவது கொதிச்சுதா?"

கணவனின் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல. என்னைத் தவிர யாரும் இதைத் தொடுறதில்ல."

"அப்ப சீல் சும்மா போயிருச்சா? இல்ல, என் மூக்குக்கு வயசாயிருச்சுங்கிறீங்களா?"

"டர்போன்னே எழுதிக்குங்க."

மோப்பம் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு துணி எடுக்கிற சாக்கில் உள்ளே போனார்.

அவளுக்கு நிம்மதி வந்திருக்கவேண்டும். வரவில்லை. கண்ணெதிரே ஈரம் தெரியும்போதும் பார்க்கமாட்டேன் என்று ஒருவன் அடம்பிடித்தால், அவன் எதை ஏற்கெனவே பார்த்திருக்கிறான்?

பானெட்டுக்குள் குனிந்தபடியே கணவன் பேசினான், இன்ஜினிடம் பேசுகிறவன் போல.

"நான் திரும்பி வந்தப்ப முந்நூத்திப் பத்து கிலோமீட்டர் கூடியிருந்துச்சு. பரண்ல இருக்கிற உன்னோட ரெண்டு துணிப்பெட்டி மேலயும் தூசி இல்ல."

அவன் திரும்பிவந்து மூன்று வாரமாகிறது. மூன்று வாரமாக எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். உப்பு குறைவு என்றுகூட ஒரு நாள் சொன்னான்.

"ஏங்க..."

"எதுவும் சொல்லவேணாம். ஒண்ணே ஒண்ணு மட்டும்." இப்போதுதான் நிமிர்ந்தான். "முள்ளு ஏறியும் நிறுத்தாம ஓட்டுனது, விட்டுட்டுப் போகும்போதா, திரும்பி வரும்போதா?"

உள்ளே ஏதோ இரும்பு உருண்டு விழுந்து அடங்கியது.

"வரும்போது" என்றாள்.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். எந்த மீட்டரையும் அவன் இவ்வளவு நேரம் பார்த்து அவள் கண்டதில்லை.

பிறகு ஷெட்டின் உட்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான்.

"அண்ணே, டர்போ இல்ல, சீல்தான். இன்ஜினை இறக்கிடுங்க."