பிரேக்கில் காற்று

"அமுக்குங்க," என்றார் எம்ரிஸ், பிக்கப்புக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி.

ஹவெல் பெடலை அமுக்கினார். ரப்பர் குழாய் வழியாக ஜாம் பாட்டிலுக்குள் பிரேக் ஆயில் இறங்கியது. கூடவே சோப்பு நுரைபோல் குமிழிகள்.

"பிடிங்க."

எம்ரிஸ் ஸ்பேனரைத் திருப்பி, காற்று வெளியேறும் நிப்பிளை இறுக்கினார்.

"விடுங்க."

மூன்று சக்கரங்கள் முடிந்துவிட்டன. ஓட்டுநர் பக்கத்து முன் சக்கரம் ஒன்றுதான் பாக்கி. கொட்டகையின் தகரக் கூரைமேல் காலையிலிருந்து தூறிக்கொண்டே இருந்தது.

அறுபத்திரண்டாம் வருடத்து மோரிஸ் மைனர். எம்ரிஸின் மகன் கெதின் அதை வாங்கி வந்தபோது உள்ளே கோழிகள் குடியிருந்தன. பிரேக்கை மொத்தமாகக் கழற்றி, பாகம் பாகமாகப் பிஸ்கட் டின்களில் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் எந்தச் சக்கரம் என்று எழுதி வைத்திருந்தான்.

அந்த வாரம் கெதின் செத்துப்போனான். இருபத்து நான்கு வயது.

நான்கு வருடம் டின்களை யாரும் திறக்கவில்லை.

எம்ரிஸ் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி ஓட்டத் தெரியும், பிரிக்கத் தெரியாது. ஹவெலுக்குத் தெரியும். இருபத்தாறு வருடம் பால் லாரி ஓட்டியவர். இப்போது எதையும் ஓட்டுவதில்லை. சனிக்கிழமைதோறும் மூன்று மைல் நடந்து வருகிறார். பதினான்கு வாரம் ஆகிறது.

அவர் வருவதற்குள் எம்ரிஸின் மனைவி மென்னா காரை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள். அவர் போன பிறகுதான் திரும்பி வருவாள். இன்று போகவில்லை. சமையலறை ஜன்னலில் அவள் நிற்பதை இரண்டு பேரும் பார்த்தார்கள்.

"அமுக்குங்க."

பெடல் அசையவில்லை.

"என்ன ஹவெல், தூங்கிட்டீங்களா?"

சொன்ன பிறகுதான் எம்ரிஸுக்கு உறைத்தது. ஸ்பேனரைப் பிடித்த கை அப்படியே நின்றது.

தூறல் மட்டும் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்துப் பெடல் மெல்லக் கீழே வந்தது.

"இல்லிங்க. கால் மரத்துப்போச்சு."

இன்னும் ஆறேழு முறை. குமிழிகள் குறைந்தன, பிறகு நின்றன. ஆயில் மட்டும் தெளிவாக இறங்கியது. எம்ரிஸ் நிப்பிளை இறுக்கிவிட்டு வெளியே ஊர்ந்து வந்தார். முட்டி இரண்டும் சொடுக்கின. ஜாக்கியை இறக்கினார். ஹவெல் இருக்கைப் பக்கத்துத் தரைத் தகட்டைத் தூக்கி, ஆயில் மட்டம் பார்த்து மூடினார். இன்னொரு முறை மிதித்துப் பார்த்தார்.

"கல்லு மாதிரி நிக்குது," என்றார்.

கொட்டகை வாசலில் மென்னா நின்றிருந்தாள். மழைக் கோட்டு போட்டுப் பொத்தான்களைக் கழுத்துவரை மாட்டியிருந்தாள்.

"பிரேக் பிடிக்குமா?" என்று புருஷனைக் கேட்டாள்.

"பிடிக்கும்."

ஹவெல் அவசரமாக இறங்கப் போனார்.

"எறங்க வேண்டாம். அந்தப் பக்கம் நகர்ந்து உக்காருங்க. நான் ஓட்டுறேன்."

ஹவெல் எம்ரிஸைப் பார்த்தார். எம்ரிஸ் தரையைப் பார்த்தார். ஹவெல் கியர் தண்டைத் தாண்டி, உடம்பைக் குறுக்கிக்கொண்டு நகர்ந்தார். மென்னா ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்தாள்.

"பாலத்து வளைவுக்குப் போகணும்," என்றாள். "நாலு வருஷமா நான் அந்த வழியா போகல. கடைக்குப் போகக்கூட மலையைச் சுத்தித்தான் போறேன்."

கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டாள்.

"கோர்ட்ல லாரி எவ்வளவு வேகம்னு கேட்டாங்க. நீங்க கண்ணசந்தது எத்தனை மணிக்குன்னு கேட்டாங்க. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் என் பையன் தலை உங்க மடியிலதான இருந்துச்சு? அவன் ஏதாச்சும் பேசினானான்னு ஒருத்தரும் கேக்கல."

ஹவெல் அவள் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்.

"பேசினான்."

"இங்க வேண்டாம். அந்த இடத்துல வச்சுச் சொல்லுங்க."

அவள் சாவியைத் திருப்பினாள். இஞ்சின் இருமி, பிறகு பிடித்துக்கொண்டது.

சிறையிலிருந்து வந்த மறுமாதம் ஹவெல் இவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, எம்ரிஸ் கதவைத் திறந்தது இந்த ஒரு கேள்விக்காகத்தான். பிரேக் வேலை தெரியுமா என்று அன்று கேட்டதும் இதற்காகத்தான். பதினான்கு சனிக்கிழமையும் கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. ஒவ்வொரு முறையும் அதை விழுங்கிவிட்டு, அந்த ஸ்பேனரை எடுங்க என்றார்.

பேசினானாம்.

பிக்கப்பில் இரண்டு பேருக்குத்தான் இடம்.

பின்னால் சாமான் ஏற்றும் தட்டில் ஏறிக்கொள்ளலாமா என்று ஒரு கணம் நினைத்தார். அங்கே உட்கார்ந்தால் உள்ளே பேசுவது எதுவும் கேட்காது. மென்னாவும் திரும்பிப் பார்க்கவில்லை.

எம்ரிஸ் சுற்றிக்கொண்டு போய் ஹவெல் பக்கத்துக் கதவைச் சாத்தினார். அது சரியாகப் பதியவில்லை. கொஞ்சம் தூக்கி மறுபடி சாத்தினார்.

பூட்டு விழுந்துவிட்டதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, வழிவிட்டு நின்றார்.