வயிற்றில் ஒரு பொட்டு

எல்லைக்குப் போய்த் திரும்பும் போர்விமானங்கள் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். கணவன் வந்துவிட்டானா என்று மொட்டைமாடியில் நின்று அண்ணாந்து பார்த்தே வேதவல்லிக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. வாலில் எண் எழுதும் பெயின்டர் பூமிநாதனை நச்சரித்து, கணவனுடைய விமானத்தின் வயிற்றில் மட்டும் பெரிய கறுப்புப் பொட்டு ஒன்று வைக்கச் சொன்னாள். மறுநாள் திரும்பி வந்த அத்தனை விமானங்களிலும் பொட்டு இருந்தது.

"என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க?"

"வச்சுப் பார்த்தா திருஷ்டிப் பொட்டு மாதிரியே இருந்துச்சும்மா. ஒரு பிள்ளைக்கு வச்சுட்டு மத்த பிள்ளைங்களை எப்படிச் சும்மா அனுப்புறது?"

அன்று மாலை ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் கையசைத்தாள். மேலிருந்து பார்த்தால் மொட்டைமாடிப் பெண்களும் ஒரே மாதிரிதான் போலும். ஒவ்வொரு விமானமும் அவளைப் பார்த்து இறக்கையை ஆட்டிவிட்டுப் போனது.